அழியாமல் எஞ்சிய நான்கு நிமிடங்கள்

கடையில் விற்கும் பாட்டுக் கெசட்டின் மேல் சாதாரணமாக வேறொன்றைப் பதிய முடியாது. அதன் மேல்விளிம்பில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். காகிதத்தை மடித்து அந்தக் குழிகளை அடைத்துவிட்டால் முடியும். 1984இல், எனது பதினெட்டாவது வயதில், நான் அதைத்தான் செய்தேன்.

ஜித்தாவில் வேலை செய்த மாமா விடுமுறையில் வந்தபோது கொண்டு வந்த கெசட் அது. கெட் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலப் பாடகரின் 'டீ ஃபோர் த டிலர்மன்'. 1970 நவம்பரில் வெளிவந்த இசைத்தொகுப்பு. அட்டைப் படத்தையும் பாடகரே வரைந்திருந்தார்: செந்தாடி வைத்த ஒருவர் மேசையில் தேநீரோடு அமர்ந்திருக்க, பக்கத்தில் இரண்டு சிறுவர்கள். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. ஆனாலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கவிதை எழுதத் தொடங்கினேன்.

அந்தப் பாடகர் லண்டனில் கிரேக்க சைப்பிரஸ் தகப்பனுக்கும் சுவீடன் தாய்க்கும் 1948இல் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டுமுன்பே காசநோய் பிடித்து மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். மரணத்தைப் பற்றியும் வாழ்வின் பொருளைப் பற்றியும் அங்கே யோசித்ததன் விளைவுதான் இந்தத் தொகுப்பின் பாட்டுகள். பின்னர் சகோதரர் கொடுத்த குர்ஆன் மொழிபெயர்ப்பை வாசித்து, 1977இல் இஸ்லாத்தைத் தழுவினார். யூசுப் இஸ்லாம் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1979இல் தனது கிட்டார்களை விற்றுத் தர்மம் செய்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். 1983இல் லண்டனில் ஒரு முஸ்லிம் பாடசாலையைத் தொடங்கினார்.

இதையெல்லாம் ஒரு நண்பன் சொல்லித்தான் 1984இல் அறிந்தேன். பாடியவரே விட்டுவிட்டார், கேட்கிறவன் நான் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கெசட்டின் இரண்டு பக்கமும் ஒரு பயானைப் பதிந்தேன். அதே கிழமை எனது கவிதைக் கொப்பியையும் அடுப்பில் போட்டேன். உம்மா எதுவும் கேட்கவில்லை. கொப்பி எரிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பயான் கெசட்டைவிடச் சற்றுக் குறுகியது. இரண்டாம் பக்கத்தில் ஹஸரத் ஸலவாத் சொல்லி முடிய, 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். உடனே ஒரு பாட்டு நடுவிலிருந்து தொடங்கும். அதுதான் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் பாட்டு. அவசரப்படாதே, இங்கேயே இரு என்கிறார் தகப்பன். என் பேச்சை ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை, நான் போகத்தான் வேண்டும் என்கிறான் மகன். ரஷ்யப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஒரு இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது அது. நாடகம் மேடையேறவில்லை, பாட்டு மிஞ்சியது. என் கெசட்டிலும் மிஞ்சிய நான்கு நிமிடங்கள் அவைதான்.

வாப்பா அதை ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மகன், ஹஸரத்துக்குப் பின்னால யாரோ ஒளிஞ்சி நிக்கிறான் போல."

2020 செப்டெம்பரில், தொற்றுக்கால முடக்கத்தின் சலிப்புக்கிடையே, எனது மகன் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். ஐம்பது ஆண்டு நிறைவுக்காக யூசுப் அந்தத் தொகுப்பின் பாட்டுகள் அனைத்தையும் புதிதாகப் பாடியிருந்தார். பழைய தயாரிப்பாளர் போல் சாம்வெல் ஸ்மித், பழைய கிட்டார் தோழர் அலன் டேவிஸ் ஆகியோரும் அவரோடு இருந்தார்கள். வீட்டுக்கு மகன் கொண்டு வந்த ஒரு கிட்டார்தான் இரண்டு தசாப்தங்களுக்குப் பின் அவரைத் திரும்பவும் தந்திகளைத் தொடவைத்ததாம். 2006லேயே அவர் பாட்டுக்குத் திரும்பியிருந்தார். இசை பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே போகவில்லை. அவர் திரும்பி வந்த விதம்தான் எனக்கு முக்கியம்.

தகப்பனும் மகனும் பாட்டு வந்தது. தகப்பனின் வார்த்தைகளை எழுபத்திரண்டு வயது யூசுப் பாடுகிறார். மகனின் வார்த்தைகளுக்கு 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் மேடையொன்றில் பதிவான இருபத்திரண்டு வயதுக் குரலையே சேர்த்திருக்கிறார்கள்.

"ரெண்டும் ஒரே ஆளா வாப்பா?" என்று கேட்டான் மகன்.

"ஓம் மகன், ஒரே ஆள்தான்" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் 1970இன் அசல் பதிவும் ஒலி செம்மையாக்கப்பட்டு ஒரு பேழையாக மறுபதிப்பாயிற்று. இந்தச் செம்மையாக்கம் என்பது என்ன? பாட்டு மாற்றப்படுவதில்லை. யாரும் திரும்பப் பாடுவதுமில்லை. பல தடங்களில் பதிந்ததைக் கலந்து உருவாக்கிய மூலநாடாவை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் இடையிலுள்ள சமநிலையைச் சரிசெய்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டேன். தந்தியில் விரல் வழுக்கும் ஓசையும் வரிக்கு முன்னர் இழுக்கும் மூச்சும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. கூடவே, குரல் தழும்பும் இடமும் முன்னைவிடத் துலக்கமாகக் கேட்டது. தூசு தட்டினால் அழகோடு தழும்பும் சேர்ந்துதான் தெரியும்.

ஒருவர் தனது பழையதை மூன்று விதமாக நடத்தலாம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதன் மேல் வேறொன்றைப் பதிந்து அழிக்கலாம். அழுக்கை மட்டும் நீக்கி அப்படியே வைக்கலாம். அல்லது இன்றைய குரலில் திரும்பப் பாடி, பழையதன் பக்கத்தில் வைக்கலாம். அவர் முதலாவதுக்கு மிகக் கிட்டப் போனவர். கடைசியில் மற்ற இரண்டையும் செய்தார். நான் முதலாவதை மட்டும் செய்தவன்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பாடசாலைக் காலத்து ரோணியோ சஞ்சிகையின் இரண்டு இதழ்களை ஒரு நண்பர் அண்மையில் கண்டெடுத்தார். அவற்றில் எனது கவிதைகள் நான்கு இருக்கின்றன. அடுப்புக்குத் தப்பியவை. எனது தொகுப்பில் சேர்ப்போமா என்று கேட்டார். வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒன்றில் வாப்பாவோடு கடுமையாகச் சண்டை பிடித்திருக்கிறேன். வாப்பா மௌத்தாகிப் பன்னிரண்டு வருடங்கள். அந்த வரிகளை மட்டும் மெல்லத் திருத்திவிடலாமே என்று இரண்டு இரவுகள் யோசித்தேன்.

திருத்தவில்லை. எழுத்துப் பிழைகள் மூன்றை மட்டும் நீக்கினேன். அந்தக் கவிதைக்குக் கீழே 1983 என்று ஆண்டைப் போட்டேன். எதிர்ப்பக்கத்தில், வாப்பா பதில் சொல்வதாகப் புதிதாக ஒன்று எழுதி வைத்தேன். பதினேழு வயதுப் பையனுக்கு அவன் பங்கும், தகப்பனுக்குத் தகப்பன் பங்கும் கிடைக்கட்டும்.

கெசட் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. போட்டுக் கேட்க இயந்திரம்தான் இல்லை. நேற்று அதை எடுத்து, மேல்விளிம்பில் நான் அடைத்திருந்த காகிதத் துண்டுகள் இரண்டையும் ஊசியால் கிளறி வெளியே எடுத்தேன். இனி அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது.