கழுத்துப் பக்கம் வெட்டிப் பார்

ஆம்பூர் டேனரி ஒன்றில் 11 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்துவிட்டு பி.எட். சேர்ந்தேன். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு கெட்டது பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்பதை அன்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தரும் ஆளாக வேண்டும் என்ற ஆசை, டிரம் உருளும் சத்தத்துக்கு நடுவிலும் என்னை விடவில்லை.

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. என் வழிகாட்டி ஆசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். பிள்ளைகள் முன்னால் என்னை ‘சார்’ என்பார்; தனியாக இருக்கும்போது ‘தம்பி’.

முதலில் சாக்பீஸே வசப்படவில்லை. முழுத் துண்டைப் பிடித்து எழுதினால் கிறீச்சிட்டது. பாதியாக ஒடித்து, பலகையில் சாய்த்து, விரல்களுக்குள் லேசாக உருட்டியபடி இழுக்க வேண்டும். அது கைக்கு வர மூன்று வாரம் ஆனது.

ஒன்பதாம் வகுப்புக்கு அமிலம், காரம் பாடம். எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் நடத்தி, “புரிஞ்சுதா?” என்றேன். “புரிஞ்சுது சார்!” என்று வகுப்பே அதிர்ந்தது. டீச்சர் தன் நோட்டைக் காட்டினார். “23 கேள்வி கேட்டீங்க தம்பி. 19க்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க.” கேள்வி கேட்டபின் சராசரி ஆசிரியர் ஒரு விநாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டதை பி.எட். பாடத்தில் படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன்.

அடுத்த தவறு இன்றும் உறுத்துகிறது. சுண்ணாம்பில் ஊறிய தோல் துண்டு ஒன்றை டேனரியிலிருந்து வாங்கிவந்து, காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீனை வெட்டுவாயில் விட்டுக் காட்டினேன். இளஞ்சிவப்பு பொங்கியது. பிள்ளைகளோ மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தலை நிமிரவில்லை. “அவங்கப்பா சுண்ணாம்புத் தொட்டியிலதான் வேலை செய்யறாரு. அந்த வாசனையோடதான் தினம் வீட்டுக்கு வர்றாரு. உங்களுக்கு அது தெரியாதா தம்பி?” என்றார் டீச்சர். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று இரவு தூங்கவில்லை.

டேனரியில் சுண்ணாம்பை நீக்கும்போது நாங்கள் தோலின் மேற்பரப்பைப் பார்த்து முடிவுசெய்ய மாட்டோம். தடிப்பு அதிகமான கழுத்துப் பக்கம் வெட்டி, பினாப்தலீன் ஒரு சொட்டு விடுவோம். ஓரம் நிறமற்று, நடுவில் சிவப்புக் கோடு நின்றால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. டிரம் ஓட வேண்டும். “புரிஞ்சுதா” என்று கேட்டது மேற்பரப்பைத் தடவிப் பார்த்ததுதான் என்று அந்த இரவில்தான் உறைத்தது.

அடுத்த வாரம் மஞ்சள் தடவிய தாளோடும் வெற்றிலைச் சுண்ணாம்போடும் போனேன். சுண்ணாம்புத் தண்ணீர் பட்ட இடம் செம்பழுப்பானது. “இதை வேற எங்க பார்த்திருக்கீங்க?” என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாக அழுத்தி எண்ணினேன். நான்கு விரலும் முடிந்தன. அந்த மௌனம் தொண்டையை அடைத்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “சட்டையில கொட்டின குழம்புக் கறை சோப்புப் போட்டா இப்படித்தான் சிவக்கும். அப்ப சோப்பும் காரமா சார்?”

“ஆமாம்மா, காரம்தான்!” என்றேன் பூரிப்போடு.

மணி அடித்ததும் டீச்சர் நோட்டை மூடினார். “நல்லா காத்திருந்தீங்க தம்பி. ஆனா அவ கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்களே.”

மறுநாள் வீட்டிலிருந்து துணி சோப்பில் ஒரு துண்டு வெட்டி, பேப்பரில் மடித்து எடுத்துப் போனேன். அதை அவள் கையில் கொடுத்தேன்.