நானும் லைசன் எடுத்தேன்



பதுளையிலிருந்து எழுதுகிறேன். நாற்பத்தொரு வயதில், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, ஒரு பெரிய மோட்டார் சைக்கிளில் ட்ரயல் கொடுத்து லைசன் எடுத்த கதை இது. "இதுவும் ஒரு கதையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரிந்தது அந்த லைசனால்தான் என்பதால் சொல்லத் துணிகிறேன்.

பிள்ளைகளின் வாப்பா புடைவை வியாபாரி. கடை கிடையாது. பைக்கின் பின்னால் புடைவைப் பொதியைக் கட்டிக்கொண்டு ஸ்பிரிங்வேலி, தெமோதரை, ஹாலிஎல, பசறை என்று தோட்டம் தோட்டமாகப் போவார். லயங்களில் கடனுக்குக் கொடுப்பார். தோட்டத்தில் சம்பளம் போட்டதும் போய்த் தவணைப் பணம் வாங்கி வருவார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது ஒரு கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பிதான் எங்கள் கடையும் பேங்க்கும்.

அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். சீனி கூடினால் காலில் உணர்ச்சி மங்கிப் போகும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு ஒரு நாள், சப்பாத்துக்குள் கிடந்த சின்னஞ்சிறு கல் பகல் முழுக்க வலது காலின் பெருவிரலை அரைத்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. இரவில் சப்பாத்தில் இரத்தத்தைக் கண்டது நான்தான். புண் ஆறவில்லை. கடைசியில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பைக்கின் பின் பிரேக்கை மிதிப்பது வலது கால் அல்லவா? அத்தோடு அவருடைய ஓட்டம் நின்றது.

கொப்பியில் கடன் நின்றது. கையில் காசு இல்லை. த்ரீவீல் பிடித்துத் தோட்டத்துக்குப் போனால் வசூலில் பாதி கூலிக்கே போய்விடும். சின்ன ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாமென்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய ஸ்கூட்டருக்கும் யானை விலை. முற்றத்தில் இருந்தது அவருடைய பல்சர் 150 மட்டும்தான்.

"நான் பழகுகிறேன்" என்றேன்.

"உனக்கு ஏலாது. விழுந்தா தூக்கவும் ஏலாது" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வண்டி ஏறத்தாழ 144 கிலோ. மூன்று சீமெந்து மூட்டையென்று வைத்துக்கொள்ளுங்கள். என் உயரமோ ஐந்தடி. ஏறி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நுனிவிரல்தான் நிலத்தில் படும்.

என் நானா வந்து, "ஊர் என்ன சொல்லும்?" என்றார். "சவூதியிலேயே 2018 ஜூன் 24 ஆம் திகதியிலிருந்து பெண்கள் வாகனம் ஓட்டுகிறார்கள், நானா. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2016 முதல் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியிருக்கிறார்கள்" என்றேன். நானா பேசவில்லை. ஆனால் வீட்டில் வழக்கைத் தீர்த்தவர் என் மாமிதான். "தோட்டத்து மிட்வைஃப் மிஸ் மழையிலயும் ஸ்கூட்டர்ல மலையேறிப் போறா. அவளும் பொம்புளதானே, மகன்?" என்றார். அவ்வளவுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும். நம் நாட்டில் 100 சீசீ வரையான மோட்டார் சைக்கிளுக்கு 'ஏ1' என்ற வகுப்பு. அதற்கு மேற்பட்டதற்கு 'ஏ' வகுப்பு வேண்டும். இன்று பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்களில் பல 110 சீசீ. அவற்றுக்கும் 'ஏ' தான் தேவை. இது தெரியாமல் பலர் விண்ணப்பத்தைப் பிழையாக நிரப்புகிறார்கள். வைத்தியச் சான்றிதழ் எடுத்து, எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும். நாற்பது கேள்விகள், முப்பதுக்காவது சரியான விடை வேண்டும். இரவில் பிள்ளைகள் கேள்வி கேட்க, நான் ரொட்டி சுட்டபடியே விடை சொல்வேன். அதில் முதல் தடவையே சித்தியடைந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் வண்டி. வீட்டுக்குப் பின்னால் உள்ள வெற்றுக் காணியில் அவர் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் ஓட்டவே விடவில்லை. பழைய சாக்குகளை விரித்து, அதன்மேல் வண்டியைச் சரித்துப் போட்டு, "இப்ப தூக்கு" என்றார். முன்னால் குனிந்து கைகளால் இழுத்தேன். அசையவில்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

"கையால தூக்காத. திரும்பி நில்" என்றார். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை வைத்துக் குந்த வேண்டும். ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் பின்பக்கத்துக் கம்பி. முதுகை நிமிர்த்தி, கால்களால் நிலத்தை உந்திச் சிறு அடிகளாகப் பின்னால் நடக்க வேண்டும். அப்படியே செய்தேன். வண்டி எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நேரா நிக்கிற வண்டிக்குப் பாரமே இல்ல. சாய விட்டாத்தான் பாரம்" என்று அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

அடுத்தது எட்டு. ட்ரயலில் காலை நிலத்தில் ஊன்றாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து எட்டுப் போட்டுத் தந்தார்கள். வேகமாகப் போனால் வட்டத்துக்கு வெளியே போவேன். மெதுவாகப் போனால் எஞ்சின் நின்றுவிடும். கிளட்சை முழுக்க விடாமல் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே போனால் வண்டி அடங்கி நடக்கும் என்பது பல சிரட்டைகள் நொறுங்கிய பிறகே பிடிபட்டது.

ட்ரயல் நாள் வந்தது. வந்திருந்த பெண்கள் எல்லோரிடமும் ஸ்கூட்டர். "அந்த அம்மாவுக்கு அந்த வண்டியா?" என்று ஒரு பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. எட்டின் இரண்டாவது வளைவில் முன் சில்லையே பார்த்தேன். சில் நின்றது, கால் ஊன்றியது, வண்டி சரிந்தது. இளைஞர்கள் இருவர் ஓடி வந்தார்கள். "வேணாம் தம்பி" என்று சொல்லி, முதுகைக் காட்டிக் குந்தி, நானே தூக்கி நிறுத்தினேன். சிரித்த பையன் வாயடைத்து நின்றான்.

ட்ரயலில் பெயில்தான். வேலியோரம் கோலூன்றி நின்ற அவர், "எட்டில பெயில், தூக்கினதில பாஸ்" என்றார். வீடு வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

என் பிழை எங்கே என்று அவருக்கு விளங்கியிருந்தது. "சில்லைப் பார்க்காத, போக வேண்டிய இடத்தைப் பார். கண் போற பக்கம் வண்டி போகும்" என்று சொல்லி, மூத்த மகளைச் சிரட்டைகளுக்கு அப்பால் நிறுத்தினார். வளைவில் திரும்பும் போதெல்லாம் மகளின் முகத்தைத்தான் பார்ப்பேன். இரண்டாம் தடவை ட்ரயலில் மகள் இல்லை. அவள் நிற்கக்கூடிய இடத்தைப் பார்த்தே ஓட்டினேன். பாஸ்.

சகோதரிகளே, உடை பற்றி ஒரு வார்த்தை. அபாயாவின் ஓரமும் ஷாலின் நுனியும் செயினில் அல்லது சில்லில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே காற்சட்டை அணிந்து, அபாயாவை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மட்டுக்குள் ஊசி குத்தாதீர்கள். விழுந்தால் அந்த ஊசி நம்மையே குத்தும். முடிச்சிட்ட மெல்லிய துணி போதும். ஹெல்மட் பட்டியை நாடிக்குக் கீழே இறுக்கிப் பூட்டுங்கள்.

தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் முதல் முறையாகப் பொதியைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். 2021 மார்ச்சில் பசறை 13 ஆம் மைல்கல்லருகே பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் மரணித்த செய்தி எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்து, ஓரமாகவே போனேன். லயத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "வாங்கம்மா, நானா சொகமா இருக்காங்களா?" என்று கேட்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்துத் தந்தார். "அவுக வராத மாசக் கணக்கும் இதுல இருக்கு" என்றார். நாங்கள் வரமாட்டோம் என்று தெரிந்தும் மாதாமாதம் எடுத்து வைத்திருக்கிறார்! கொப்பியில் அவர் பெயரைக் கோடிட்டபோது என் கை நடுங்கியது.

இப்போது கொப்பியில் கணக்கு எழுதுவது அவர், ஓடுவது நான். இரவில் நான் வந்ததும் முதல் வேலை, வெளிச்சத்தில் அவருடைய இரு பாதங்களையும் திருப்பிப் பார்ப்பது. உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அதை இன்றே தொடங்குங்கள். முற்றத்தில் ஒரு வண்டி சும்மா நின்றால், தேவை வரும்வரை காத்திராமல் அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.