அரைஞாண் கட்டிய வீரர்கள்

அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழில் ஓவியர் சங்கர் வரைந்த பிள்ளைகளை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். சூரியனைப் பழமென்று நினைத்து வானத்தில் தாவும் பால அனுமன், அசுவமேதக் குதிரையைப் பிடித்துக் கட்டிய லவனும் குசனும், காட்டில் தனியாகத் தவமிருந்த ஐந்து வயதுத் துருவன். ஆளுக்கு மீறிய வலிமை உள்ளவர்கள். ஆனால் உடம்பு மட்டும் எதிர்வீட்டுப் பையனுடையது. கன்னம் உப்பியிருக்கும், மணிக்கட்டு மெலிந்திருக்கும். வில்லைத் தூக்கினால் வில்தான் பெரிதாகத் தெரியும். தசை முறுக்கிய குட்டி மல்லர்களாக அவர் யாரையும் வரைந்ததில்லை. எங்களுக்கு வாய்த்த முதல் சாகசப் படை அதுதான்.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. புத்தகம் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று அடிதடி நடக்கும். பாட்டி தீர்ப்பு சொல்வாள்: "கதை பெரியவனுக்கு, படம் சின்னவனுக்கு." சின்னவன் நான். அண்ணன் கதையை முடிக்கும்வரை அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படங்களைக் கொண்டே ஒரு கதையை மனத்தில் கட்டி முடித்திருப்பேன். பிறகு எழுத்தைப் படித்தால் பல சமயம் நான் கட்டிய கதைதான் அங்கே இருக்கும். அந்த ஓவியர்களின் திறமைக்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

1947 ஜூலையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். பின்னாளில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் அது போனது. வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோவை ஒட்டியே அலுவலகம். பாதாள பைரவி, மாயா பஜார் போன்ற படங்களை எடுத்தவர்கள் அவர்கள். அந்த மாய உலகத்துக்கு அடுத்த கட்டடத்தில்தான் எங்கள் பத்திரிகையின் படங்களும் பிறந்தன என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா என்று கையெழுத்திட்ட டி.வி. ராகவன், அட்டைப்படங்களுக்கு வட்டாதி பாப்பையா, பிறகு சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். நால்வரும் நான்கு விதம்.

வீட்டில் சித்ரா கட்சி, சங்கர் கட்சி என்று இரண்டு கட்சி. அண்ணன் சித்ரா கட்சி. சித்ராவின் ராட்சதர்களையும் மந்திரவாதிகளையும் பார்த்தால் பயம் நிஜமாகவே வரும், முகத்தில் அத்தனை நாடகம் இருக்கும். நான் சங்கர் பக்கம். சங்கர் படத்தில் அற்புதம் நடக்கிற இடம் நமக்குத் தெரிந்த இடமாக இருக்கும். திண்ணை இருக்கும், உரல் இருக்கும், தூணில் கோயில் சிற்பியின் வேலைப்பாடு இருக்கும். கபாலி கோயில் மண்டபத்துத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைப் பிரித்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் தெரியாது. மூலையில் ஒரு செம்பு கவிழ்ந்து கிடந்தால்கூட அந்தச் செம்பில் ஒளி எங்கே படும் என்று யோசித்துத்தான் கோடு போட்டிருப்பார்.

விக்கிரமாதித்தன் படத்தைச் சொல்லாமல் முடியாது. தோளில் பிணம், கையில் உருவிய வாள், காலடியில் மண்டையோடுகள். மாதாமாதம் அதே படம். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தில் நின்று பார்ப்போம். அரசன் பயப்படவில்லை, அதே சமயம் அவன் கவனம் ஒரு நொடிகூடச் சிதறவில்லை. ஒரு முகத்தில் இரண்டையும் கொண்டுவந்தவர் சங்கர்.

1924-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, மயிலாப்பூர்க் கலைமகள் இதழில் வேலை பார்த்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்குப் போனவர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அங்கே வரைந்தார்.

பல ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் கைக்கு வந்தது. மார்வெல் நிறுவனம் 1984-இல் தொடங்கிய 'பவர் பேக்'. லூயிஸ் சைமன்சன் எழுத, ஜூன் பிரிக்மன் வரைந்தது. நான்கு உடன்பிறப்புகள், கடைக்குட்டிக்கு ஐந்து வயது, ஆளுக்கு ஒரு சக்தி. பெரியவர்களைச் சுருக்கி வரையாமல், ஐந்து வயதை ஐந்து வயதாகவும் பன்னிரண்டைப் பன்னிரண்டாகவும் பிரிக்மன் வரைந்திருந்தார். பறக்கிற பிள்ளையின் முழங்காலில்கூடக் குழந்தைத்தனம் இருந்தது. புரட்டிய கையோடு எனக்குச் சங்கரின் லவகுசர்கள் நினைவுக்கு வந்தார்கள். சங்கரும் பிரிக்மனும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. பிள்ளைகளை உற்றுப் பார்க்கிற கை எந்த ஊரில் இருந்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வரும் போலும்.

அப்பா ஆண்டுவாரியாக பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள், வீடு இடிபட்டு அடுக்குமாடி வந்தபோது பங்குபிரிந்து போயின. நான் அடையாறுக்கு வந்தேன். அந்தத் தொகுதிகள் எவர் வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ. லஸ் முனையின் நடைபாதைக் கடைகளில் தனி இதழ்கள் சில அகப்பட்டன, அட்டை இல்லாமல். பத்திரிகை 2007-இல் மும்பை நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறி, சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. பழைய இதழ்களை வருடி எடுத்த பக்கங்கள் இன்று கைப்பேசியில் வருகின்றன. பார்க்கிறேன். ஆனால் தரையில் குப்புறப் படுத்து, அடுத்த இதழ் வரும்வரை வேறு படமே கிடையாது என்று தெரிந்து, ஒரு மாதம் முழுக்க ஒரே பக்கத்தைப் பார்த்த அந்தப் பார்வை இப்போது என்னிடம் இல்லை.

அம்புலிமாமாவுக்குப் பிறகும் சங்கர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் ராமகிருஷ்ண விஜயத்துக்கு வரைந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ 2021-இல் வந்தது.

அவருடைய படங்களை மட்டும், அவர் வரைந்த அளவிலேயே, நல்ல தாளில் யாராவது தொகுத்து அச்சிட வேண்டும். பிள்ளைகள் வருகிற படங்களை முதல் பாகமாகப் போட வேண்டும். எந்தக் கடையில் விற்றாலும் சரி, அண்ணனுக்கும் சேர்த்து இரண்டு பிரதி வாங்குவேன். சித்ரா கட்சிக்காரனுக்கும் இது வேண்டும்.