மூன்று மணிக்கு மேலும் பள்ளிக்கூடம்தான்

கடைசி மணி அடித்ததும் பள்ளிக்கூடம் காலியாகிவிடும் என்பது அமெரிக்கப் புறநகர் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. மஞ்சள் பஸ்கள் கிளம்பிப் போன பிறகுதான் அங்கே இன்னொரு பள்ளி ஆரம்பமாகும். மைதானத்தில் பேண்டு வாத்தியக் குழு நடை பழகும். ஓர் அறையில் சேர்ந்திசை. அரங்கத்தில் நாடகத்துக்காகப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் கூடைப்பந்து, சியர்லீடிங்.

கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பையன், டிரம்மைத் தோளில் மாட்டியதும் ஆளே மாறிப்போவான். அவன் அடிக்கும் அடிக்குத்தான் மொத்தக் குழுவும் காலெடுத்து வைக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காலையில் எழுந்து பள்ளிக்குப் போக ஒரே காரணம், சில சமயம், அந்த டிரம்தான்.

அந்த டிரம்முக்குக் காசு கேட்கலாமா? இந்தக் கேள்வி ஒருமுறை கலிஃபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கதை 1978-ல் தொடங்குகிறது. சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறதே என்று பொருமிய கலிஃபோர்னியா மக்கள், ஓட்டுப் போட்டு அதற்குக் கடிவாளம் மாட்டினார்கள். ‘பிரபோசிஷன் 13’ என்று பெயர். பொதுவான சொத்து வரி, மதிப்பில் 1 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறாத வரை மதிப்பையும் ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீட்டுக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால், அரசுப் பள்ளிகள் நம்பியிருந்ததும் அந்த வரியைத்தான்.

சாண்டா பார்பரா வட்டாரப் பள்ளி வாரியத்துக்கும் கை கடித்தது. 1980-ல் செலவில் 11 லட்சம் டாலரைக் குறைக்க முடிவெடுத்தார்கள். கூடவே ஒரு புதுக் கட்டணமும் வந்தது. ஒரு விளையாட்டு அணியில் சேர 25 டாலர். நாடகத்துக்கு 25. பாட்டுக்கு 25. வாத்தியக் குழுவுக்கு 25. சியர்லீடிங்குக்கு 25.

அப்போது அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.10 டாலர். ஆக, 25 டாலர் என்பது ஒரு முழுநாள் உழைப்பு. இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஓர் அணி, ஒரு வாத்தியம் என்றால் நான்கு நாள் கூலி.

வாரியத்தினர் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல. கட்ட முடியாதவர்கள் விண்ணப்பித்தால் கட்டணம் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தானே?

பதினைந்து வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால்தான் வலி தெரியும். ‘எங்கள் வீட்டில் பணம் இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரோ படிப்பார்கள். பல பிள்ளைகள் அந்தப் படிவத்தை வீட்டுக்கே கொண்டுபோகாது. “எனக்கு அதில் இஷ்டமில்லைம்மா” என்று சொல்லிவிடும். அம்மாவும் நம்பிவிடுவாள்.

இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பிய பார்பரா ஹார்ட்செல் என்ற தாய், கட்டணத்தை எதிர்த்த ஓர் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மனம் தளராமல் மேலே போனார்கள்.

அங்கே வந்த கேள்வி சுலபமானதில்லை. பேண்டுக்கும் நாடகத்துக்கும் மதிப்பெண் இல்லை. அவை இல்லாமலே பட்டம் வாங்கலாம். அப்படியானால் அவை கல்வியா, இல்லை கல்வி முடிந்த பிறகு கொடுக்கும் மிட்டாயா?

1984 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் எழுதிய முதன்மைக் கருத்து தெளிவாக இருந்தது. இந்தச் செயல்பாடுகள் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி. மாநில அரசியல் சட்டம் இலவசப் பள்ளி என்கிறது. அந்த இலவசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தம், ஏழை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் தரும் சலுகை அல்ல. நிதி நெருக்கடி உண்மைதான். ஆனாலும் அது சாக்காக முடியாது. கட்டணம் செல்லாது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. கட்டணம் வேறு வேறு பெயர்களில் பின்வாசல் வழியே வரவே செய்தது. பெற்றோர் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற வழிசெய்து 2012-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. தாமாக முன்வந்து தரும் நன்கொடைக்குத் தடை இல்லை என்பதால், கேக் விற்றும் கார் கழுவியும் பெற்றோர் நிதி திரட்டுகிறார்கள். வசதியான புறநகரில் உண்டியல் சீக்கிரம் நிரம்பும். பக்கத்து ஊரில் நிரம்பாது. வேறு பல மாநிலங்களில் அணியில் சேர இன்றும் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும், அந்தத் தாய் நீதிமன்றப் படியேறியதற்குப் பலன் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஏதோ ஒரு பள்ளியில் இன்றும் கடைசி மணி அடிக்கும். மஞ்சள் பஸ் புறப்படும். கடைசி பெஞ்ச் பையன் பேண்டு அறைக்குப் போய் டிரம்மை மாட்டிக்கொள்வான். தன் வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அவன் யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.