எண் அழகாக இறங்கியது

2015இல் ஒரு எண்ணைக் காட்டிச் சம்பள உயர்வு வாங்கினேன். அந்த எண் பித்தலாட்டம் என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும்.

செல்போனில் வீடியோ காட்டும் ஒரு செயலியில் வேலை. படத்தைப் பல தரங்களில் சுருக்கி, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைப்போம். முந்தைய துண்டு எவ்வளவு வேகத்தில் இறங்கியது, பஃபரில் எத்தனை நொடி மிச்சம் என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்பதை போனில் இருக்கும் பிளேயரே முடிவு செய்யும். வைஃபையில் மேல்படி, 3ஜியில் நடுப்படி, பஸ் ஊர் எல்லையைத் தாண்டி 2ஜி எட்ஜில் விழுந்தால் கடைசிப்படி. ஆப்பிளின் எச்எல்எஸ் 2009இலேயே வந்துவிட்டது. எம்பெக்-டாஷ் 2012இல் சர்வதேசத் தரநிலையானது. முறையில் கோளாறு ஏதுமில்லை.

எங்கள் கடைசிப்படி 144பி, நொடிக்கு 100 கிலோபிட்டுக்கும் கீழே. முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆபீசின் பெரிய திரையில் அதை ஓட்டிப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது. தூக்கிவிட்டேன். ஐபோனில் அப்போது அவ்வளவு சுலபமாகக் கைவைக்க முடியாது: மொபைல் நெட்வொர்க்கில் பத்து நிமிடத்துக்கு மேல் வீடியோ காட்டுகிற செயலி, அடிமட்டத்தில் 64 கிலோபிட்டில் ஒலியை மட்டுமாவது தரவேண்டும் என்று ஆப்பிள் விதி வைத்திருந்தது. ஆண்ட்ராய்டில் கேட்பாரில்லை. எங்கள் 2ஜி ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள்.

இப்போது மிஞ்சிய கடைசிப்படி 400 கிலோபிட். பத்து நொடித் துண்டு ஒன்று 4,000 கிலோபிட், அதாவது 500 கிலோபைட். எட்ஜில் 100 கிலோபிட் கிடைத்தால், முதல் துண்டு இறங்கவே 40 நொடி. பத்து நொடிப் படத்துக்காக நாற்பது நொடி வட்டம் சுற்றுவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? மூடிவிட்டுப் போனார்கள்.

அடுத்த அறிக்கையில், படம் நின்று நின்று ஓடும் விகிதம் சரசரவென இறங்கியிருந்தது. நின்ற நேரத்தைப் பார்த்த நேரத்தோடு ஒப்பிடும் கணக்கு அது. படமே தொடங்காதவர் அதில் வரமாட்டார்; எட்ஜ்காரர்கள் ஒழிந்ததும் சராசரி தானாகத் தேறிவிட்டது. மேனேஜர் கைகுலுக்கினார்.

உறுத்தவே, தொடங்கும் முன் விலகியவர்களின் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். சிற்றூர்களில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பவில்லை. படியை வெட்டியதையாவது அறியாமை என்று சொல்லிச் சமாளிக்கலாம். இதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. உயர்வுக் கடிதம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

கடிதம் வந்த பிறகு அந்தப் படியைத் திரும்பச் சேர்த்தேன். பழையதுதான் என்று சொல்லவில்லை. 'டேட்டா சேமிப்பு வசதி' என்று புதுப்பெயர் வைத்தேன். அதற்கும் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.