ஏவற்பொறி

ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்குப் பொழுது பெரிதாகவும் வேலை சிறிதாகவும் இருத்தல் இயல்பு. சென்ற ஆண்டுக் கார்த்திகைத் திங்களில், பலதொழிற் கல்லூரி ஒன்றில் மின்னியல் ஆசிரியையாக உள்ள என் மகள், "அப்பா, ஆய்வகக் குறிப்பேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும், நீங்கள் நேரில் வந்து பொறியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேட்டனள். திருமடத்துப் பாடசாலையிற் பயின்ற எனக்கும் மின்பொறிக்கும் யாது தொடர்பு என்று முதற்கண் மறுத்தேன். பொருளைக் காணாது சொல்லாக்குதல் கூடாதென்று யானே மாணாக்கர்க்குப் பன்முறை கூறியிருத்தலின், அம்மறுப்பு நிலைக்கவில்லை.

மேசைமீது ஒரு சாண் நீளமுள்ள சிறிய மோட்டார் இருந்தது. அதன் தண்டு பற்சக்கரங்களின் வழியே பாகை குறித்த வட்டத் தட்டொன்றைச் சுழற்றும். தட்டு எவ்வளவு திரும்பியதென்பதை வோல்ட் அளவாக அறிவிக்கும் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று தட்டின்கீழ் உண்டு. அதனை யொத்த மற்றொன்று இடப்புறத்தே கைக்குமிழோடு உளது. அக்குமிழைத் திருப்புதலே கட்டளை. இரண்டு வோல்ட்டுகளின் வேற்றுமையைப் பெருக்கி மோட்டாருக்கு ஊட்டுகின்றனர். தட்டு கட்டளையிட்ட பாகையை அடையின் வேற்றுமை மறையும், மோட்டார் நிற்கும். 1873-ஆம் ஆண்டில் ஜோசப் ஃபார்க்கோ என்னும் பிரெஞ்சுப் பொறியறிஞர், கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறியைப் பற்றி எழுதிய நூலில் இவ்வகைக்குச் 'சர்வோ மோட்டார்' என்று பெயரிட்டார். அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. யான் 'ஏவற்பொறி' என்றேன். மகள் புன்னகைத்தாள், எழுதிக்கொண்டிலள்.

முதலில் வந்த குழுவினர் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டனர். குமிழைத் தொட்டதுதான் தாமதம், தட்டு எதிர்ப்புறமாக ஓடித் தடையில் முட்டி நின்றது. குறையைக் குறைக்க வேண்டிய பின்னூட்டம் அதனை வளர்த்தமையே காரணம். மாணவர் சிரித்தனர். மகள் கடிந்துகொள்ளாது, "ஏன் ஓடியது? சொல்லிவிட்டுக் கம்பியைத் தொடுங்கள்" என்று அப்பால் நகர்ந்தனள்.

அடுத்த குழுவினர் பெருக்கத்தை 8 என வைத்து 90 பாகைக்குக் கட்டளையிட்டனர். தட்டு 86-இல் நின்றுவிட்டது. மெலிந்த மாணவன் ஒருவன், "மேடம், நேற்றுப் போட்ட கணக்கில் பிழை பூச்சியம் என்று வந்தது. இங்கே நான்கு பாகை நிற்கிறதே! கணக்குத் தவறா, மோட்டார் தவறா?" என்று வினவினன். யானாயின் அக்கணமே விடை கூறி, அவ்விடையை மனப்பாடமுஞ் செய்வித்திருப்பேன். மகளோ, "மின்னை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் திருப்பிப் பார்" என்றனள். அவன் திருப்பினான், தண்டு சற்றே பற்றிப் பின் நகர்ந்தது. அதன்பின் மோட்டாருக்கு மட்டும் வோல்ட்டைச் சிறிது சிறிதாக ஏற்றச் சொன்னாள். ஏறத்தாழ ஒரு வோல்ட் வரை மோட்டார் அசையவே இல்லை. பொட்டென்ஷியோமீட்டர் 340 பாகைக்கு 10 வோல்ட் தருவது. எனவே நான்கு பாகைக்கு 0.12 வோல்ட், எட்டாற் பெருக்கின் ஒரு வோல்ட்டினும் சிறிது குறைவு. அவன் தாளில் இருமுறை பெருக்கிப் பார்த்து, "மேடம், கணக்கில் நாம் உராய்வை எழுதவே இல்லை!" என்று உரக்கக் கூவினன்.

இவ்வுராய்வைப் பாசத்திற்கு உவமையாக்கலாமே என்று இதழன்பர் சிலர் கருதுதல் கூடும். உவமை எளிது, எனக்கு அப்போது அச்சிறுவனின் முகமே பெரிதாகத் தோன்றியது.

பெருக்கத்தை 16 ஆக்கிய வழி இரண்டு பாகையே எஞ்சியது. 32 ஆக்கியபோது தட்டு 90-ஐக் கடந்து 110-க்குப் பாய்ந்தது; திரும்பி 75-க்கு வீழ்ந்தது; மீண்டும் பாய்ந்தது. நிலைகொள்ளாது உறுமிக்கொண்டே அலைந்தது. "திருத்தம் மிகுந்துவிட்டது" என்றாள் மகள், மாணவரை நோக்கி. எனக்கு நாற்பதாண்டுகட்கு முந்தைய ஒரு வகுப்பறை நினைவில் எழுந்தது. அங்கே ஒரு மாணவன், நல்ல குரலுடையவன், செய்யுள் ஒப்புவிக்குங்கால் ஓரசை பிறழினும் யான் இடைமறித்துத் திருத்துவேன். பிரம்பும் கையில் இருக்கும். சில திங்களில் அவன், தான் நன்கறிந்த செய்யுளிலும் தடுமாறலானான். யான் இன்னும் கடுமையாகத் திருத்தினேன். தைத் திங்கள் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஊக்கமிலான் என்று அன்று முடிவு செய்தேன். அவன் ஊரும் இப்போது நினைவில் இல்லை. அலையும் தட்டினை நோக்கியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்பதறியேன். "அப்பா, உட்காருங்கள்" என்று மகள் நாற்காலி இட்டாள்.

பின்னர் மோட்டார்த் தண்டிற் பிணைத்த சிறு ஜெனரேட்டரின் கம்பியை இணைத்தனர். அது சுழலும் விரைவுக்கேற்ற வோல்ட்டைத் தருவது. அதனையும் கழித்துக்கொண்டால், தட்டு விரைந்து வருங்கால் குறியை எய்துமுன்னரே திருத்தம் தளரும். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்பார், கப்பல் தானே திசை பிழையாது செல்லுதல் பற்றிய கட்டுரையில், மீகாமன் திசை பிறழ்ந்த அளவை மட்டும் நோக்குவதில்லை, கப்பல் திரும்பும் விரைவையும் கருதியே சுக்கானைத் திருப்புகின்றான் என்று காட்டினர். மகள் இதனைக் கரும்பலகையில் ஒரு கப்பல் வரைந்து விளக்கினள். படகோட்டும் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன், "எங்கள் அப்பா இப்படித்தான் செய்வார்" என்றான். பெருக்கம் 32-லேயே இருப்ப, தட்டு இம்முறை ஓசையின்றிச் சென்று 89-இல் அமைந்தது.

சொற்பட்டியலுக்கு வருவேன். 'எரர்' என்பதற்குப் 'பிழை' என்பதே குறிப்பேட்டில் இருந்தது. பிழை குற்றத்தைச் சுட்டும். மோட்டார் குற்றம் ஏதும் இழைத்திலது. 'வழு' என்று மாற்றினேன். எஞ்சிய ஒரு பாகையைப் போதுமென ஏற்றுக்கொள்ளும் எல்லைக்கு யாது சொல் என மகள் கேட்ப, இலக்கணத்தில் வழுவும் வழாநிலையும் கூறியபின் ஆன்றோர் வழுவமைதி என்று ஒன்று வைத்தமை நினைவுக்கு வந்தது. அதனையே எழுதிக் கொடுத்தேன்.

தையில் மகளிடமிருந்து மடல் வந்தது. 'வழுவமைதி'யை மாணவர் ஏற்றுக்கொண்டனராம். ஒருவன் தேர்வுத் தாளிலும் எழுதிவிட்டானாம். 'ஏவற்பொறி'யை ஒருவரும் ஏற்றிலர். 'சர்வோ' என்றே வழங்குகின்றனர்.