காலடியில் ஈரம்

எங்கள் வீட்டில் ஓர் அம்பாஸிடர் கார் இருந்தது. 1978-ஆம் ஆண்டின் வண்டி. 1996-இல் உதகமண்டலத்தில் ஒருவரிடம் விலைபேசி வாங்கிப் பூதலூருக்குக் கொண்டுவந்தோம். மலைக் குளிருக்காக அதில் ஹீட்டர் பூட்டியிருந்தார்கள். கல்லணைக் கால்வாய் ஓடும் எங்கள் ஊரில், சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகும் சீமையில், காருக்குள் கணப்பு எதற்கு? டாஷ்போர்டின் அடியிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைத் தெருப் பிள்ளைகள் வானொலிப் பெட்டி என்றே எண்ணியிருந்தார்கள். நாளடைவில் நாங்களும் அதை மறந்துபோனோம்.

1997 கார்த்திகையில் தொல்லை தொடங்கிற்று. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நீர் குறைந்திருக்கும். நிரப்பிக்கொண்டு தஞ்சாவூர் போய்வந்தால் மறுநாளும் அதே கதை. வண்டி நின்ற தரையிலோ ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நெல் மூட்டையில் எடை குறைந்தால், எலியா, காய்ச்சலா, தராசா என்று ஆராயத் தெரிந்த எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர், "ஒரு பிடி மஞ்சள்தூளைப் போடுங்கள் பாய், ஓட்டை தானாக அடைபடும்" என்றார். போட்டோம். நாலு நாள் அடங்கியிருந்தது. பிறகு முன்னிலும் மோசமாயிற்று. நுண்ணிய குழாய்களில் மஞ்சள் போய் அடைத்துக்கொண்டதுதான் கண்ட பலன்.

ஒரு பட்டறையில், "ஹெட் காஸ்கெட் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். இஞ்சினின் தலையைக் கழற்றிப் புது காஸ்கெட் வைத்து, பச்சை நிறக் கூலண்டும் ஊற்றி அனுப்பினார்கள். இரண்டு மாத இலாபம் அதோடு போயிற்று. நீர் குறைவது மட்டும் நிற்கவில்லை. காஸ்கெட் பழுதென்றால் பெரும்பாலும் புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகை வரும். அல்லது எண்ணெயில் நீர் கலந்து பாலாடைபோல் திரளும். அல்லது ரேடியேட்டரில் குமிழி கொப்பளிக்கும். எங்கள் வண்டியில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்தாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வழியில் எங்கே வக்து வந்தாலும் ஒளுச் செய்துகொள்ளத் தோதாகப் பித்தளைக் கூஜாவில் தண்ணீர் எடுத்துவருவார். முன்னிருக்கையில் அமர்ந்து கூஜாவைக் கால்களுக்கிடையே வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த இடத்தில்தான் கால்விரிப்பு நாள்தோறும் நனைந்துகிடந்தது. ஒருநாள் பேரப்பிள்ளைகள் பார்த்திருக்கவே நான் கடிந்துகொண்டேன்: "கூஜாவை ஒழுங்காக மூடக்கூடாதா அத்தா? தகடெல்லாம் துருப்பிடித்துப் போகிறது."

"மூடித்தான் இருந்தது, தம்பி" என்றார்.

திருகுமூடி போட்ட கூஜா அது. கவிழ்த்தாலும் சிந்தாது. ஆனாலும் நான் நம்பவில்லை.

அடுத்த பயணத்தில் கூஜா வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் வாய்க்கால் தென்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குவார். மார்கழித் தொடக்கத்தில் ஒரு மாலை, பாசி படர்ந்த படியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கிப் பத்து நாள் படுக்கையில் இருந்தார்.

கூஜா வராத நாட்களிலும் கால்விரிப்பு நனைந்தே இருந்தது. அதை நான் பார்க்காமலில்லை. மழைநீர் என்று சமாதானம் செய்துகொண்டேன். அம்பாஸிடரில் முன்கண்ணாடியின் ரப்பர் வழியே மழை உள்ளே இறங்குவது ஊரறிந்த விஷயமாயிற்றே! ஆனால் பனிக்கால விடியலில் கண்ணாடியின் உட்புறம் புகைபோல் மங்கிற்று. துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. வண்டிக்குள் மெல்லிய இனிப்பு வாடை. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மழை பெய்தால் நனைகிறதா, வண்டி ஓடினால் நனைகிறதா?" விரிப்பை எடுத்தெறிந்து, தகட்டைத் துடைத்து உலர்த்தி, பழைய தினசரித் தாளைப் பரப்பினார். இஞ்சினை ஓடவிட்டு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். கால்மணி நேரம் கழித்துத் தாளின் நடுவே வட்டமாக ஒரு கறை எழுந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக, விரலில் வழுக்கிற்று.

அத்தாவும் உடன் வந்திருந்தார். குனிந்து அந்தக் கறையைச் சற்று நேரம் பார்த்தார். "என்ன செலவாகும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஹீட்டர் என்பது உண்மையில் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இஞ்சினில் கொதித்த நீரில் ஒரு பங்கு ரப்பர்க் குழாய் வழியாக அதற்குள் வந்து திரும்புகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைக் காற்றில் ஏற்றி உள்ளே தள்ளுகிறது. "அப்படியானால் இஞ்சின் பின்புறத்திலுள்ள திருகை மூடிவிடலாமே" என்றேன். பெரியவர் சிரித்தார். திருகு போகும் வழியைத்தான் அடைக்கும். திரும்பும் குழாய் நீர்ப்பம்போடு எப்போதும் சேர்ந்தே இருப்பதால், அந்த வழியே அழுத்தம் உள்ளே ஏறி நிற்கும். எங்களிடம் திருகு ஓராண்டுக்கும் மேலாக மூடியே இருந்தது. உள்ளே ஓடாமல் தேங்கிய நீர்தான் குழாயை அரித்திருக்க வேண்டும் என்றார் அவர். நாங்கள் வந்த நாளிலிருந்து ஊற்றிய வெறும் கிணற்று நீரும் அதற்குத் துணைபோயிருக்கும்.

அன்றைக்கு இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரை ஒதுக்கிவிட்டார். கசிவு நின்றது. பூதலூரில் அதுவே போதும். ஆனாலும் அத்தாவின் முழங்கால் என் மனத்தை அறுத்தது. விடியற்பனியில் தஞ்சாவூர் மருத்துவரிடம் போகையில் அதில் சூடு படட்டுமே என்று பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைப்பவரிடம் போனேன். அவர் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பால் காற்றேற்றித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். ஓரிடத்தில் முத்துமுத்தாகக் குமிழிகள் வந்தன. அவ்விடத்தைச் சுரண்டி, ஆசிட் தடவி, ஈயம் வைத்தார். மற்றொரு குழாய் நெடுக இற்றுப்போயிருந்தது. அதை இரு முனையிலும் நசுக்கி அடைத்துவிட்டார். மீண்டும் பூட்டியபோது காற்று சிக்காதிருக்க, திருகைத் திறந்துவைத்தே நீர் நிரப்பினோம். இம்முறை கூலண்ட் கலந்த நீர். வடித்தெடுத்த பழைய நீரைத் தெருவில் கொட்டவில்லை. இனிப்பென்று நாயும் பூனையும் நக்கிவிடும். கூலண்ட் கொடிய நஞ்சு.

அம்பாஸிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பிந்திய வண்டிகளில் இந்த உறுப்பைப் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்கிறார்கள். ஈயப் பற்று அதற்கு ஒத்துவராது, புதிதுதான் மாற்ற வேண்டும். அதை எட்டுவதற்கே பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற நேரும். குளிர்சாதனக் காரில் கால்விரிப்பு நனைந்தால் உடனே பதற வேண்டியதில்லை: வடிகுழாய் அடைபட்டாலும் நனையும், ஆனால் அது தெளிந்த நீர், விரலில் வழுக்காது.

ஹீட்டர் பூட்டிய மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தா வருமுன்பே கூஜாவை நிரப்பி அவர் காலடியில் வைத்திருந்தேன். அவர் அமர்ந்து கதவைச் சாத்தினார். கூஜாவை எடுத்து மூடியை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்துவிட்டு, கால்களுக்கிடையே வைத்துக்கொண்டார்.